ஏழெட்டு எவ்வளவு? பயிற்சித்தாளும் கணக்கில் சரளமும்

தெரிந்த விடை வர மறுப்பது ஏன்?

'ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு' என்று தொடங்கி எட்டாம் வாய்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்து முடிக்கும் குழந்தையிடம், சிறிது நேரம் கழித்து 'ஏழெட்டு எவ்வளவு?' என்று மட்டும் கேட்டால், அது சற்றே திகைத்து, உதடுகள் அசைய மறுபடியும் ஓரெட்டிலிருந்து தொடங்கி, ஏழாவது அடிக்கு வந்த பிறகே 'ஐம்பத்தாறு' என்று சொல்வதைப் பெற்றோரும் ஆசிரியரும் பலமுறை பார்த்திருப்பார்கள். அதே குழந்தையை 67-ஐ 8-ஆல் பெருக்கச் சொன்னால், 536 என்று வரவேண்டிய இடத்தில் 486 என்று எழுதுவதும் உண்டு. வாய்பாடு முழுவதும் மனப்பாடமாக இருக்கும்போது ஒரு விடை மட்டும் தனியே வர மறுப்பது ஏன் என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் விளக்கம் 'பயிற்சி போதாது' என்பதுதான். அதற்கான மருந்தாகக் கொடுக்கப்படுவது நூறு கணக்குகள் அச்சிட்ட ஒரு தாள்.

இன்று எந்தக் கணிப்பொறியிலும் சில நொடிகளில் இத்தகைய தாளை உருவாக்கி அச்சிட்டுவிடலாம். ஆனால் ஒரே அளவு நேரம் செலவிட்டும் சில தாள்கள் குழந்தையை முன்னே கொண்டுசெல்வதும், சில தாள்கள் அதைச் சலிப்பிலும் அச்சத்திலும் ஆழ்த்துவதும் கண்கூடு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கணக்குகளின் எண்ணிக்கையைவிட அவை அடுக்கப்படும் முறையே என்பதை நூறாண்டுக்கும் மேலான ஆய்வுகள் காட்டுகின்றன.

தொடராக நிற்கும் நினைவும் தனியாக வரும் நினைவும்

தமிழ் மெய்யெழுத்துகளில் 'ற்' என்பதற்கு முன்னால் வருவது எது என்று கேட்டால், பல்லாண்டுகளாகத் தமிழ் எழுதிவரும் பெரியவர்கள்கூட 'ய், ர், ல், வ்' என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பிறகே 'ள்' என்று விடையளிப்பார்கள். வரிசையாகக் கற்ற ஒன்றில் ஒவ்வொரு அடியும் அடுத்த அடியை இழுத்துவருவதால், நடுவிலுள்ள அடியை நேராகத் தொடுவது மனத்துக்குக் கடினமாகிறது. இவ்வகை நினைவைத் தொடர்நினைவு எனலாம். இதற்கு மாறாக, ஒரு வினாவைக் கண்ட மாத்திரத்தில் அதற்குரிய விடை இடைப்படிகள் ஏதுமின்றி மேலெழுவதை நேர்மீட்பு எனலாம். வாய்பாட்டை ஒப்பிக்கும் குழந்தையிடம் இருப்பது தொடர்நினைவு. 67-ஐ 8-ஆல் பெருக்கும்போது அதற்குத் தேவைப்படுவது நேர்மீட்பு.

தமிழகத்தின் பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றப் பிள்ளைகள் பின்னே சொல்லி எண்சுவடியை மனத்தில் ஏற்றினார்கள். முந்திரி எனப்படும் 320-இல் ஒரு பங்கு முதலான கீழ்வாய் இலக்கங்களின் பெருக்கலும் அவ்வாறே கற்பிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கல்வி ஒப்பித்தலோடு நின்றுவிடவில்லை. நிலம், நெல், பொன் ஆகியவற்றின் அளவைகளைக் கொண்ட மனக்கணக்குகளைப் போடும்போது, வரிசையாகக் கற்றவற்றை வரிசை மாற்றி எடுக்கவேண்டிய கட்டாயம் பிள்ளைகளுக்கு ஏற்பட்டது. இன்று அந்த வேலையைச் செய்யவேண்டியது பயிற்சித்தாள். வாய்பாட்டின் வரிசையைக் கலைத்து, ஒவ்வொரு விடையையும் அதனதன் வினாவோடு தனித்தனியே பிணைப்பதுதான் அதன் முதல் பயன்.

செயல்நினைவின் எல்லை

நேர்மீட்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 67 × 8 என்ற கணக்கையே படிப்படியாகப் பார்த்தால் உணரலாம். முதலில் ஏழெட்டு ஐம்பத்தாறு. அதில் 6-ஐ எழுதிவிட்டு 5-ஐ மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து ஆறெட்டு நாற்பத்தெட்டு. மனத்திலுள்ள 5-ஐ அதனோடு கூட்டி 53 என்று எழுத, 536 கிடைக்கிறது. மூன்று சிறு செயல்களும் ஒரு மீதமும் மட்டுமே கொண்ட இந்தக் கணக்கில், விடை நேராக வரும் குழந்தைக்கு 5-ஐ மனத்தில் வைத்திருக்கவேண்டிய நேரம் ஓரிரு நொடிகளுக்கு மேல் இல்லை. ஆறெட்டைக் கண்டுபிடிக்க ஓரெட்டிலிருந்து ஏறிவரும் குழந்தையோ, எத்தனையாவது அடியில் நிற்கிறோம் என்பதையும், அந்த அடியின் விடையையும், முன்பு ஒதுக்கிவைத்த 5-ஐயும் ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கவேண்டியிருக்கிறது. அந்தச் சுமையில் 5 நழுவிவிட, 48-உம் 6-உம் சேர்ந்து 486 ஆகிவிடுகிறது. இது பெருக்கல் தெரியாததால் வந்த தவறு அன்று. மனத்தில் இடம் போதாததால் வந்த தவறு.

ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அதற்குத் தேவையான தகவல்களைத் தற்காலிகமாகத் தாங்கிநிற்கும் மனத்தின் திறனைச் செயல்நினைவு எனலாம். பிரிட்டிஷ் உளவியலாளர்களான ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் இதன் அமைப்பை விரிவாக விளக்கினார்கள். இதன் கொள்ளளவு மிகச் சிறியது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஏறக்குறைய ஏழு தகவல்கள் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார்; ஏறக்குறைய நான்குதான் என்று 2001-இல் நெல்சன் கோவன் வாதிட்டார். குழந்தைகளிடம் இது பெரியவர்களைக் காட்டிலும் குறைவு. எனவே அடிப்படைக் கணக்குகள் தாமாக வருமளவு படிந்துவிட்டால், மிஞ்சும் இடம் முழுவதும் வினாவைப் புரிந்துகொள்ளவும், வழியைத் தேர்ந்தெடுக்கவும், விடை பொருந்துகிறதா என்று பார்க்கவும் பயன்படுகிறது. கணக்கில் சரளம் என்று இந்த அத்தியாயம் குறிப்பிடுவது இந்த நிலையைத்தான்: விடை பிழையின்றியும் பெரும் முயற்சியின்றியும் வருவதோடு, அது ஏன் சரி என்றும் குழந்தைக்குத் தெரிந்திருக்கும் நிலை.

விரலிலிருந்து நினைவுக்கு

இந்த நிலைக்குக் குழந்தைகள் ஒரே தாவலில் வந்துசேர்வதில்லை. கூட்டலில், முதலில் இரு தொகுதிகளையும் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். பிறகு பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு சிறிய எண்ணை மட்டும் மேலே எண்ணுகிறார்கள். அதன்பின் 8 + 7 என்பதை 8 + 2 + 5 என்று பத்தின் வழியாகப் பிரிக்கிறார்கள். கடைசியில் விடை நேராக வந்துவிடுகிறது. கை க்ரோன், ஜான் பார்க்மன் என்ற இருவர் 1972-இல் முதல் வகுப்புக் குழந்தைகள் விடை சொல்ல எடுக்கும் நேரத்தை அளந்தபோது, கூட்டப்படும் இரு எண்களில் சிறியது எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு நேரமும் சீராகக் கூடுவதைக் கண்டார்கள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் குழந்தைகள் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அது சான்றாயிற்று.

ஒரு வழி முடிந்த பிறகே அடுத்த வழி தொடங்கும் என்பதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சீக்லர் காட்டினார். ஒரே குழந்தை ஒரே நாளில் 2 + 2-க்கு நினைவிலிருந்தும், 8 + 7-க்கு விரலிலிருந்தும் விடை தருகிறது. ஒவ்வொரு முறை விடை காணும்போதும் அந்த வினாவுக்கும் விடைக்குமான பிணைப்பு சிறிது வலுக்கிறது. போதிய வலு ஏறியதும் குழந்தை எண்ணுவதை விட்டுவிட்டு நினைவை நம்பத் தொடங்குகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது: தவறாகக் கண்ட விடையும் அதே போலத் தன் தடத்தை விட்டுச்செல்லக்கூடும். ஆகவே விரல்விட்டு எண்ணும் குழந்தையைத் தடுப்பது நல்லதன்று. சரியாக எண்ணிப் பெற்ற விடைதான் நாளைய நேர்மீட்புக்கு வித்தாகிறது.

இந்த மாற்றம் மூளையிலும் தெரிகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வினோத் மேனனின் குழுவினர் 7 முதல் 9 வயதுக் குழந்தைகளின் மூளைச் செயல்பாட்டை ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இருமுறை படம்பிடித்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எண்ணுவதைக் குறைத்து நினைவை அதிகம் நாடத் தொடங்கிய அக்குழந்தைகளிடம், நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பங்கு கூடியிருந்தது. முயன்று சிந்திக்கும்போது உழைக்கும் முன்மூளைப் பகுதிகளின் பங்கு குறைந்திருந்தது.

புரியுமுன் கொடுத்த பயிற்சி

அப்படியானால் கூடிய விரைவில் பயிற்சியைத் தொடங்கிவிடலாமே என்று தோன்றும். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்கக் கல்வியாளர்களான வில்லியம் பிரவுனெலும் சார்லட் சசாலும் ஆவர். 1935-இல் வெளிவந்த ஆய்வில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் கூட்டல் கணக்குகளை எவ்வழியில் போடுகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டறிந்த பின், ஒரு மாதம் தொடர்ந்து பயிற்சி கொடுத்து, மறுபடியும் கேட்டார்கள். குழந்தைகளின் வேகம் கூடியிருந்தது. ஆனால் எண்ணியவர்களில் பலர் இன்னமும் எண்ணிக்கொண்டேதான் இருந்தார்கள். பயிற்சி அவர்களுக்குப் புதிய வழியைத் தரவில்லை; பழைய வழியிலேயே விரைந்து செல்லப் பழக்கியிருந்தது.

பயிற்சித்தாளை மதிப்பிடும் எவரும் மறக்கக்கூடாத முடிவு இது. தாள் ஒன்றைக் கற்பிப்பதில்லை. ஏற்கெனவே உள்ளதை உறுதிப்படுத்துகிறது. உள்ளது புரிதலாக இருந்தால் புரிதல் உறுதிப்படும். உள்ளது விரல் எண்ணிக்கையாக இருந்தால் அதுவே உறுதிப்படும். நிமிடத்துக்கு எத்தனை கணக்கு என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை.

கடினமானவை பத்தே பத்து

எந்தக் கணக்குகளுக்குப் பயிற்சி வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. 2 முதல் 9 வரையிலான எண்களின் பெருக்கல்கள் 64. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்பது புரிந்துவிட்டால் அவை 36 ஆகக் குறைகின்றன. இரண்டாம், ஐந்தாம் வாய்பாடுகள் குழந்தைகளுக்கு எளிதில் படிந்துவிடுவதால் அவற்றை நீக்க, 21 எஞ்சுகின்றன. ஒன்பதின் பெருக்கலைப் பத்தின் பெருக்கலிலிருந்து ஒரு முறை கழித்துப் பெறலாம் என்பதால் மேலும் 6 நீங்கும். 6 × 6, 7 × 7 போலத் தன்னைத் தானே பெருக்குபவை 5 நீங்கும். கடைசியில் எஞ்சுபவை பத்தே பத்து: 3 × 4, 3 × 6, 3 × 7, 3 × 8, 4 × 6, 4 × 7, 4 × 8, 6 × 7, 6 × 8, 7 × 8.

குழந்தைகள் தடுமாறுவது பெரும்பாலும் இவற்றில் பெரிய எண்களைக் கொண்டவற்றில்தான். ஆனால் மார்க் ஆஷ்கிராஃப்டும் கெல்லி கிறிஸ்டியும் அமெரிக்கத் தொடக்கப்பள்ளிப் பாடநூல்களை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட கட்டுரையில், சிறிய எண்களைக் கொண்ட எளிய கணக்குகளே அடிக்கடி வருவதையும், பெரிய எண்களைக் கொண்டவை அரிதாகவே வருவதையும் காட்டினார்கள். அதிகப் பயிற்சி தேவைப்படுவதற்குக் குறைவான பயிற்சியே கிடைத்துவந்தது. கணிப்பொறி எண்களைக் குலுக்கிப்போட்டு உருவாக்கும் தாளும் இந்தக் குறையை முழுமையாகத் தீர்ப்பதில்லை. அது 2 × 3-க்கும் 7 × 8-க்கும் ஒரே வாய்ப்பைத் தருவதால், குழந்தையின் நேரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரிந்தவற்றிலேயே கழிந்துவிடுகிறது.

ஏழெட்டுக்கு ஒரு தாள்

ஏழெட்டு மட்டும் படியாத ஒரு குழந்தைக்கு நல்ல தாள் ஒன்றை எவ்வாறு அமைக்கலாம் என்று பார்ப்போம். தாளுக்கு முன்னால் படம் வரவேண்டும். வரிசைக்கு எட்டுப் புள்ளியாக ஏழு வரிசைகள் இட்டு, ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு கோடு கிழித்தால், மேலே ஐயெட்டு நாற்பதும் கீழே ஈரெட்டு பதினாறும் தெரியும். இரண்டும் சேர்ந்து 56. விடை மறந்துபோகும் நாளில் குழந்தை ஓரெட்டுக்குத் திரும்பாமல், தெரிந்த இரண்டு விடைகளிலிருந்து ஒரே எட்டில் 56-ஐ அடைய இந்த வழி உதவுகிறது.

அடுத்தது தாள். அதில் இருபது கணக்குகள் போதும். ஏழெட்டு ஆறு முறை வரலாம். ஆனால் ஆறும் ஒரே வடிவில் வரக்கூடாது. 7 × 8, 8 × 7, 56 ÷ 7, 56 ÷ 8 ஆகியவற்றோடு, 56 = 7 × ▢ என்றும் ▢ × 8 = 56 என்றும் கேட்கவேண்டும். சமக்குறியை 'இங்கே விடையை எழுது' என்ற கட்டளையாகவே பல குழந்தைகள் எடுத்துக்கொள்வதை ஆராய்ந்த நிக்கோல் மெக்நீலும் அவருடைய குழுவினரும், சமக்குறியின் வலப்புறத்தில் கூட்டல் வருமாறு அமைத்த பயிற்சி, இரு பக்கமும் சமம் என்ற கருத்தைக் குழந்தைகளுக்கு நன்கு விளக்குவதை 2011-இல் காட்டினார்கள். கணக்கின் வடிவத்தை மாற்றுவது மட்டுமே அங்கே செய்யப்பட்ட மாற்றம். அதனால் பயிற்சியே பாடமாகவும் ஆயிற்று.

எஞ்சிய பதினான்கில் ஆறு, ஏழெட்டோடு குழம்பக்கூடியவையாக இருக்கவேண்டும்: 6 × 8, 6 × 9, 7 × 7, 8 × 8, 7 × 9, 6 × 7. பெருக்கலில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை அதே வாய்பாட்டின் பக்கத்து விடைகளாகவே இருப்பதால், 48, 54, 63, 64 ஆகியவற்றிலிருந்து 56-ஐப் பிரித்தறியும் பழக்கம் இங்கேதான் உண்டாகும். மீதி எட்டும் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்தவையாக இருக்கட்டும். அவை தரும் தன்னம்பிக்கையே கடினமானவற்றின்மேல் முயற்சியைத் தொடரச் செய்கிறது.

இனி வரிசை. ஏழெட்டின் ஆறு வடிவங்களையும் 1, 3, 6, 10, 15, 20 ஆகிய இடங்களில் வைத்தால், நடுவிலுள்ள வேறு கணக்குகள் முதலில் ஒன்றாகவும், பிறகு இரண்டு, மூன்று, நான்காகவும் பெருகும். சற்று முன் எழுதிய விடையைப் பார்த்து எழுதும் நிலை மாறி, மறக்கத் தொடங்கிய ஒன்றை மீண்டும் தேடி எடுக்கும் நிலை இதனால் உருவாகிறது. நினைவு வலுப்பெறுவது அந்தத் தேடலில்தான். விடைகளைத் தாளின் பின்புறம் அச்சிட்டு, முடித்தவுடன் குழந்தையே சரிபார்க்கச் செய்தால் தவறான விடை தங்கிவிடாது. நினைவிலிருந்து வந்த விடைக்கு ஒரு புள்ளியும், எண்ணியோ பிரித்தோ கண்ட விடைக்கு ஒரு வட்டமும் இடச் சொன்னால், மதிப்பெண்ணில் தெரியாத வளர்ச்சி ஆசிரியருக்குத் தெரியும்: இருபதுக்கு இருபது பெற்ற இரு தாள்களில், வட்டங்கள் குறைந்த தாள் சரளத்தைக் காட்டுகிறது.

இடைவெளியும் கலப்பும்

அன்றைய தாளில் ஏழெட்டு நன்றாக வந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம் நினைவையே சோதித்து 1885-இல் வெளியிட்ட நூலில், மூன்று நாள்களில் பிரித்துச் செய்த 38 முறைப் பயிற்சி, ஒரே நாளில் செய்த 68 முறைப் பயிற்சிக்குச் சமமான பயன் தந்ததைப் பதிவுசெய்தார். அதன்படி நாளைய தாளில் ஏழெட்டு மூன்று முறையும், மூன்று நாள் கழித்து இரண்டு முறையும், அடுத்த வாரம் ஒரு முறையும் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நூறு கணக்குகள் போடுவதைவிட, வாரத்தில் ஐந்து நாள் இருபது கணக்குகள் போடுவது மேலானது. ஜப்பானில் ஒசாக்கா நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த டோரு குமோன், 1954-இல் தம் மகனுக்காகத் தாள்களை எழுதத் தொடங்கியபோது பின்பற்றிய வழக்கமும் தினமும் சிறிதளவு என்பதே. பிற்காலத்தில் பல நாடுகளில் பரவிய குமோன் முறை அதிலிருந்து வளர்ந்தது.

ஒரே வகைக் கணக்குகளை ஒன்றாக அடுக்குவதா, பல வகைகளைக் கலப்பதா என்பது அடுத்த கேள்வி. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் வெவ்வேறு திண்ம வடிவங்களின் கன அளவைக் காணப் பயின்றார்கள். வகைப்படி அடுக்கிய கணக்குகளைப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடுதான் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, அடுக்கிப் பயின்றவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட, கலந்து பயின்றவர்கள் 63 விழுக்காடு பெற்றார்கள். பயிற்சி எளிதாக இருப்பது கற்றல் ஆழமாக நடப்பதற்கு அடையாளமன்று என்பதை இந்த எண்கள் தெளிவாகச் சொல்கின்றன. தலைப்பில் 'கழித்தல்' என்று அச்சிட்டு, கீழே கழித்தல் கணக்குகளை மட்டுமே கொடுக்கும் தாளில், எந்தச் செயலைச் செய்யவேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையைத் தாளே செய்துவிடுகிறது. தேர்விலும் வாழ்விலும் அந்த வேலையைக் குழந்தைதான் செய்யவேண்டியிருக்கும்.

கடிகாரம் தரும் அச்சம்

சரளத்தில் வேகமும் அடங்கும் என்பதால், நிறுத்துக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதையும் போட்டிக்கு விடும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. கணக்கைப் பற்றிய பதற்றம் செயல்நினைவின் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொள்கிறது என்று மார்க் ஆஷ்கிராஃப்டும் எலிசபெத் கிர்க்கும் 2001-இல் காட்டினார்கள். 'நேரம் போய்க்கொண்டிருக்கிறதே' என்ற எண்ணம் மனத்தில் இடம்பிடிக்கும்போது, மீதமாக ஒதுக்கிவைத்த 5-க்கு இடம் இல்லாமல் போகிறது. முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை ஆராய்ந்து ஜெரார்டோ ராமிரெஸும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலைக்குரியது: பதற்றத்தால் கணக்கில் பின்தங்கியவர்கள் செயல்நினைவு மிகுந்த குழந்தைகளே. நன்றாகச் செய்யக்கூடியவர்களே அச்சத்தால் அதிகம் இழக்கிறார்கள்.

நேரத்தை அளப்பதே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. புரிதலும் பிழையின்மையும் வந்த பிறகு, குழந்தை தன் சென்ற வாரத் தாளோடு இந்த வாரத் தாளை ஒப்பிட்டுப் பார்ப்பது ஊக்கம் தரும். பக்கத்து நாற்காலிக் குழந்தையோடு ஒப்பிடுவதும், முடிக்காத கணக்குகளுக்குத் தண்டனை தருவதும் பயிற்சியின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

தாளால் ஆவதும் ஆகாததும்

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2001-இல் வெளியிட்ட அறிக்கை, கணிதத் தேர்ச்சியை ஐந்து இழைகள் கொண்டதாக விவரித்தது: கருத்தைப் புரிந்துகொள்ளுதல், செயல்முறையில் சரளம், சிக்கலுக்கு வழி வகுத்தல், காரணம் காட்டி நிறுவுதல், கணிதம் பயனுள்ளது என்றும் தன்னாலும் முடியும் என்றும் நம்பும் மனப்பாங்கு. பயிற்சித்தாள் இவற்றில் இரண்டாவதற்கு நேரடியாக உதவுகிறது. நன்றாக அமைந்தால் முதலாவதற்கும் சிறிது துணைநிற்கிறது. மோசமாக அமைந்தால் ஐந்தாவதை அழித்துவிடுகிறது. ஒரு கணக்குக் கதையைப் படித்து அதில் பெருக்கல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதையோ, கிடைத்த விடை நடைமுறைக்குப் பொருந்துமா என்று வினவுவதையோ எந்தத் தாளும் தானாகக் கற்பித்துவிடாது.

ஆகவே அடுத்த முறை ஒரு தாளை அச்சிடுமுன் ஆசிரியரும் பெற்றோரும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். இந்தக் கணக்கை ஒரு படம் வரைந்து விளக்கக் குழந்தையால் முடியுமா? கணக்குகள் கலந்து வருகின்றனவா? சென்ற வாரம் கற்றது இதில் மீண்டும் வருகிறதா? தவறினால் சரியான விடை உடனே கிடைக்குமா? நான்குக்கும் 'ஆம்' என்று விடை வந்தால், நாளுக்குப் பத்து நிமிடமும் இருபது கணக்குகளும் போதும். எஞ்சிய நேரத்தைக் கதைக் கணக்குகளுக்கும் அளந்து பார்ப்பதற்கும் விளையாட்டுக்கும் விட்டுவிட வேண்டும். பயிற்சியால் மனத்தில் கிடைத்த இடத்தைக் குழந்தை பயன்படுத்தப்போவது அங்கேதான்.